குளிர்பெட்டியில் இருந்த பற்கள்

2011 மே 12, வியாழக்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. மலைச்சரிவெங்கும் மெல்லிய சாரல். மாநிலத் தலைநகருக்குச் சென்ற எங்கள் பல் மருத்துவமனை வண்டியை நான் ஓட்டினேன். பின்னால் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் பல் இல்லை.

"மெல்லப் போம்மா டாரா," என்றார் டெல்மர். நிலக்கரிச் சுரங்கத்துக்கு முதுகைக் கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவர். "இந்த வண்டியில இருக்கற பல்லு மொத்தமும் உன் வாயிலதான் இருக்கு. கவுந்துச்சுன்னா அதுவும் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது ஏழு கைகள் ஏழு வாய்களை மூடின. பிறகு ஆறு கைகள் இறங்கின. வெர்னாவின் கை இறங்கவில்லை.

வெர்னா ஸ்டில்ட்னர் நெடுஞ்சாலையோர ஹாம்பர்கர் கடையில், காரில் வருபவர்களிடம் ஆர்டர் வாங்கும் ஜன்னலில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஏப்ரலில் பற்களை எடுத்த மறுவாரம், கடை மேலாளர் அவரைப் பின்கட்டுக்குப் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார். ஜூலை வரை ஜன்னலை வேறொருத்தி பார்த்துக்கொள்வாள். அதற்குள் பல் வந்தால் இடம் வெர்னாவுக்கு, வராவிட்டால் அவளுக்கு. மேலாளர் இதைக் கனிவாகத்தான் சொன்னாராம்.

பற்களை எடுத்தது எங்கள் டாக்டர் ராட்லிஃப். ஜூலை முதல் தேதியிலிருந்து, வருமானம் குறைந்த பெரியவர்களுக்கு மாநிலம் பல் பிடுங்க மட்டுமே பணம் தரும், பல்செட்டுக்குத் தராது என்று வரவுசெலவுத் திட்டத்தின் வரைவு மார்ச் மாதம் சொன்னது. டாக்டர் உடனே, பல்செட்டுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் சொத்தைப் பற்களை எடுத்துவிட முடிவு செய்தார். ஈறு ஆறி அச்செடுக்க இரண்டு மாதமாவது ஆகும் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆனால் எங்கள் மலைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பாறையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டால், அரசு சாலையைப் போட்டே தீரும். வெட்டிய மலையை அப்படியே விட்டுப்போக எந்த அரசுக்கும் மனம் வராது. வாய்க்கும் அந்த விதி பொருந்தும் என்று டாக்டர் எண்ணினார். நாங்களும் எண்ணினோம்.

தலைநகரில், சட்டமன்ற நிதிக்குழுவின் முன் பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். மேசைமேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று விளக்குகள். பச்சை எரிந்ததும் வெர்னா பேசத் தொடங்கினார்.

குழுத்தலைவர் டீக் முன்னுக்குக் குனிந்தார். "அம்மா, மன்னிக்கணும். கைய எடுத்துட்டுப் பேசினீங்கன்னா மைக்குல விழும்."

வெர்னா கையை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தெரியாமல், மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"பல்லப் பிடுங்க நீங்க பணம் குடுத்தீங்க ஐயா. அதுக்கு நன்றி. ராத்திரி தூங்கறேன் இப்ப. பிடுங்கின வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா அது பாதி வேலை. மீதியக் கேட்டு வந்திருக்கேன். எனக்கு மட்டும் இல்ல, பின்னால உக்காந்திருக்கறவங்களுக்கும்."

ஓர் உறுப்பினர், குறைகூறும் நோக்கமின்றியே கேட்டார்: "இப்ப என்னம்மா சாப்பிடறீங்க?"

"பீன்ஸ். மசிச்ச உருளைக்கிழங்கு. சோளக்கதிர மட்டும் கத்தியால சீவணும். எம் பேத்தி அதப் பாத்துட்டு, அவ கதிரையும் சீவச் சொல்றா. அதுதான் நாகரிகம்னு நெனச்சுட்டா."

சிலர் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தார். கை மேசையிலேயே இருந்தது. சிவப்பு எரிந்தது.

"பரவால்ல, முடிங்கம்மா," என்றார் டீக்.

"நான் முடிச்சிட்டேன் ஐயா. இனி நீங்கதான் முடிக்கணும்."

பல்செட்டுக்கான நிதிவெட்டு அப்படியே நின்றது. ஆனால் குழு அதன்கீழ் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தது: ஜூலைக்கு முன் பற்கள் எடுக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சை முழுமையாக முடித்துத் தரப்படும். இரு அவைகளும் அதை ஏற்றன. எஞ்சியது ஆளுநரின் கையொப்பம்.

"உன் வாயிலேர்ந்து வந்த சட்டம்," என்று வெர்னாவிடம் சொன்னார் டெல்மர். "பல்லு இல்லாமலே இவ்ளோ கடிச்சிருக்க. வந்தா என்ன ஆகுமோ."

அன்று முதல் வெர்னா வாயை மூடிக்கொள்ளவில்லை. கடையின் பின்கட்டிலும், தேவாலயத்திலும், எங்கள் காத்திருப்பு அறையிலும் கை மடியிலேயே கிடந்தது.

ஜூன் நடுவில், மெழுகில் பதித்த பற்கள் வந்தன. நிலையான பல்செட்டைச் செய்வதற்கு முன் நோயாளியின் வாயில் பொருத்திப் பார்ப்பதற்கானவை. நான் கண்ணாடியை நீட்டினேன். வெர்னா வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை நோக்கி, ஜன்னலில் நிற்பவர்களுக்கே உரிய குரலில், "வணக்கம், வாங்க. இன்னைக்கு என்ன தரட்டும்?" என்றார்.

"ஒரு பர்கர், வெங்காயம் வேணாம்," என்றார் டாக்டர்.

"பொரிச்ச உருளைக்கிழங்கு சேத்துக்கட்டுமா?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

பற்களை நான் கழற்றி வாங்கிக்கொண்டேன். செலவாகும் கட்டம் இனிமேல்தான். கையொப்பம் ஆகாமல் பல்செட்டு செய்பவர் அதைத் தொடங்கமாட்டார். வெயிலில் மெழுகு இளகும் என்பதால், ஏழு பேரின் பற்களையும் பெயர் ஒட்டி, எங்கள் மதிய உணவு இருக்கும் குளிர்பெட்டியில் வைத்தேன். வரும்போதெல்லாம் வெர்னா அதைத் திறந்து பார்ப்பார். தொடமாட்டார்.

"பக்கத்துல டெல்மர் பல்லு இருக்கு கண்ணு," என்றார் ஒருநாள். "ராத்திரி ரெண்டும் பேசிக்குதான்னு பாரு."

ஜூன் 30, மாலை. கடும் புழுக்கம். தலைநகரில், ஆளுநர் அலுவலகத்துக்கு வெளியே உள்ள நடைகூடத்தில் நாங்கள் எண்மரும் நின்றோம். ஆளுநர் சட்டத்தில் கையொப்பமிடும்போது, தமக்கு ஒவ்வாத வரிகளை மட்டும் அடித்துவிடலாம். இது எங்களுக்குத் தெரியும்.

கதவு திறந்தது. டீக் தாமே வெளியே வந்தார். அவர் வர வேண்டிய அவசியமில்லை. சட்டத்தின் பிரதி கொடுக்க ஊழியர்கள் இருந்தார்கள். கையில் பிரித்த பக்கம் ஒன்று இருந்தது.

"வெர்னாம்மா," என்றார். "என்னால ஆனதப் பாத்தேன்."

"தெரியும் ஐயா," என்றார் வெர்னா. "குடுங்க."

அவர் கொடுத்தார். பக்கத்தின் அடியில் நீல மையில் ஆளுநரின் கையொப்பம். நடுவில், அந்த ஒரு வாக்கியத்தின்மேல், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு. வெர்னா அதை வலக்கையால் வாங்கினார். இடக்கை மெல்ல எழுந்து வாயை மூடியது.