சீமைக் கம்பளி

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் நாய்க்கு விரித்திருந்த பழைய கம்பளிச் சட்டையைச் சமையல்காரரிடம் கேட்டு வாங்கி வந்தார் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் மாசிலாமணி. அவர் அளவுக்குப் புதிதாகப் பின்ன, அவர் மனைவி ஞானம்மா தையலைப் பிரித்து நூலை உருவினாள். பிரித்த நூல் நெளிநெளியாகத்தான் வரும். துவைத்து, கல் கட்டித் தொங்கவிட்டால் நெளிவோடு வாடையும் போய்விடும்.

"நாய் வாடை அடிக்குதுங்க. துவைச்சிட்டுப் பின்றேன்."

"துவைச்சா சீமை மினுக்கம் போயிடும். அப்படியே பின்னு!"

பின்னி முடித்ததும், விடியலில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் அதைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"லண்டன்லேருந்து வந்தது. தொட்டுப்புடாதீங்கடி," என்றார், கொழுந்து பறிக்கும் பெண்களிடம்.

அந்நேரம் துரை நாயோடு வந்தார். நாய் மூக்கை உயர்த்தி முகர்ந்தது. நேரே ஓடிவந்து சட்டையைக் கவ்வி இழுத்தது. பின்னலை முடித்த நுனி அகப்பட்டால் போதும், வரிவரியாக அவிழ்ந்துகொண்டே வரும். வந்தது.

"கிளாக்கரய்யா, நாயும் லண்டனுங்களா? சொந்தம் கொண்டாடுதே!" என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தியான காளியாயி.

துரை பார்க்கத் துரையின் நாயை உதைக்க முடியுமா? பெண்களை 'அடியே' என்றே கூப்பிட்டுப் பழகிய மாசிலாமணி, அவிழ்கிற நூலை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நாயிடம் கெஞ்சினார்:

"விடுங்க சார், விடுங்க!"