ஆத்மநாதன் ஜெயித்த படங்கள்

ஆத்மநாதனைத் தோற்கடிப்பது எங்கள் குழுவில் யாராலும் முடியாத காரியமாக இருந்தது.

நாங்கள் நான்கு பேர். ஒரு யூடியூப் வினாடி வினா நேரலையில், 'புதுக்கோட்டைக்காரங்க யாராவது இருக்கீங்களா?' என்று ஹரிணி கேட்கப்போய் ஒன்று சேர்ந்தவர்கள். அவள் கீரமங்கலத்தில் அப்பாவின் பூக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். உடையப்பன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஆத்மநாதன் அன்னவாசலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், ஐம்பதைத் தாண்டியவர். நான் நிலவழகன். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, கீரனூருக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். படிப்பு வரவில்லை என்பதைத் தவிர அதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. நாங்கள் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

விளையாட்டு எளிது. கண்ணில் படும் ஒரு பொருளை மிக நெருக்கத்தில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும். என்னவென்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு. வாரக் கடைசியில் குறைந்த புள்ளி எடுத்தவர், 'நான்தான் இந்த வாரக் கூமுட்டை' என்று குரல் பதிவு அனுப்ப வேண்டும்.

ஆத்மநாதன் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஒன்பது மணிக்குத்தான் போனை எடுப்பார். நான் தூங்கப் போகும் நேரம். ஒருமுறை ஹரிணி பழுப்பு நிறத்தில் குறுக்கும் நெடுக்குமாக இழை ஓடும் படம் ஒன்றைப் போட்டாள். நான் சாக்கு என்றேன். உடையப்பன் கொசுவலை என்றார். ஆத்மநாதன் வந்தவுடன், "பன்னாடை" என்றார்.

"யாரைண்ணே திட்டுறீங்க?" என்றார் உடையப்பன்.

"ஒன்னையும் சேத்துத்தான்டா. தென்னை மரத்துல இருக்குமே, அது. சரியா தாயி?"

சரிதான். எல்லாமே சரியாக இருக்கும்.

ஆவணியில் அவர் தோற்க ஆரம்பித்தார். முல்லை மொட்டுக் குவியலை இட்லி அரிசி என்றார். உடையப்பன் போட்ட ரொட்டியை மணல் என்றார். அடுத்தடுத்து அவரே கூமுட்டை ஆனார். முதல் குரல் பதிவில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வந்ததில் சிரிப்பு இல்லை. அப்புறம் குழுவுக்கே வரவில்லை. கேட்டால் வேலை என்றார்.

ஹரிணி எங்கள் மூவரை மட்டும் வைத்து இன்னொரு குழு தொடங்கினாள்.

"ஆத்மண்ணனுக்குக் கொஞ்ச நாளைக்கு ஈசியா போடுவோம்ணே. அவரு இல்லாம நல்லாவே இல்ல."

"ஆட்டம்னா ஆட்டம்தான்" என்றேன்.

"ஒங்களுக்கு மனசுங்கிறதே கெடையாதாண்ணே?"

சரி என்றேன். எனக்கும் அவர் இல்லாமல் நன்றாக இல்லை. அதை ஹரிணியிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் பூட்டைப் போட்டேன், முழுப் பூட்டு, சாவியோடு. ஹரிணி தராசைப் போட்டாள். அவர் வரும்வரை நாங்கள் பதில் சொல்லமாட்டோம், சொன்னாலும் வேண்டுமென்றே உளறுவோம். உடையப்பன் இதில் கெட்டிக்காரர். விளக்குமாற்றைப் பார்த்து, "ஏண்ணே, மயில் தோகையா?" என்றார். ஆத்மநாதன் அவரைப் பிடித்துக் கிழித்து எடுத்தார். குழு மறுபடி கலகலத்தது. நானும் சந்தோஷமாகத் தூங்கினேன்.

ஒரு நாள் காலையில், சீப்பைச் சீப்பு என்று சரியாகச் சொன்ன கையோடு அவர் ஒரு குரல் பதிவு போட்டார்.

"இப்ப சொல்றேன்டா பசங்களா. ஆடி மாசம் கல்யாண மண்டபத்துல கண்ணு முகாம் போட்டிருந்தான். சும்மா போனேன். ரெண்டு கண்ணுலயும் பொரை, ஆப்பரேசன் பண்ணாம வண்டி எடுக்காதன்னுட்டான் அந்த டாக்டர். வீட்டுல கூடச் சொல்லல. வண்டி ஓனருக்குத் தெரிஞ்சா என் சோலி முடிஞ்சுது. நடுவுல தோத்தப்பவெல்லாம் அவன் சொன்னது நெசந்தானோன்னு நெனச்சேன். இப்பதான் ஜெயிக்கிறேனே! ஒங்க படத்த வச்சே கண்ண டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். கண்ணு கல்லு மாதிரி இருக்கு. எந்த டாக்டர்கிட்டயும் போமாட்டேன்."

மூவர் குழுவில் ஹரிணி எழுதினாள்.

"அழுகையா வருதுண்ணே. இத எப்புடிச் சொல்றது?"

"சொல்லத்தான் வேணுமா?" என்றார் உடையப்பன். "இருவது வருசமா அதே ரோடு. கண்ணக் கட்டிவிட்டாலும் ஓட்டுவாரு. வண்டி போச்சுன்னா மனுசன் என்ன பண்ணுவாரு?"

"ரோடு அவருக்குத் தெரியும். ரோட்டுக்குக் குறுக்க ஓடுற புள்ளையத் தெரியுமா?" என்று கேட்டேன்.

உடையப்பன் எதையோ எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். கடைசியில், "நீயே சொல்லு. ஒனக்குத்தான் வாய் கூசாது" என்று அனுப்பினார்.

போனில் சொன்னால் துண்டித்துவிடுவார். மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து அன்னவாசல் போனேன். வேன் எங்கே நிற்கும் என்று ஊர் உலகத்துக்கே சொல்லியிருந்தார், அதனால் தேடவேண்டியிருக்கவில்லை. பள்ளி மதில் ஓரத்தில், டிரைவர் சீட்டில், மூக்கில் இடிக்கும்படி போனை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். என் பக்கம் திரும்பி, முகத்தைச் சுளித்துப் பார்த்தார்.

"யாரு?"

"நிலவழகன்."

"டேய்!" வேனிலிருந்து குதித்தே விட்டார். "என்னடா இம்புட்டு ஒல்லியா இருக்க? கொரலக் கேட்டுட்டு கெடா மாதிரி இருப்பேன்னுல்ல நெனச்சேன். தூங்காம இங்கிட்டு எதுக்கு வந்த? சாப்பிட்டியா?"

சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே கோத்து வைத்திருந்தேன். அவர் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்து, டீக்கடைக்காரரிடம், "என் தம்பி, கீரனூரு" என்றதும் எனக்கும் வாய் கூசியது. வெறுமனே வேனைச் சுற்றி நடந்தேன். இடது பின்பக்கம், சக்கரத்துக்கு மேலே, மஞ்சள் பெயின்ட் நீளமாக உரிந்து வெள்ளையும் சாம்பலுமாகச் சுவர்ப் பூச்சு ஒட்டியிருந்தது. புதுக் கீறல். போனை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படமெடுத்துக் குழுவில் போட்டேன்.

"வந்த எடத்துலயும் ஆட்டமா!" என்று சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். ஹரிணியும் உடையப்பனும் படத்தைப் பார்த்துவிட்டது தெரிந்தது. யாரும் உளறவில்லை.

"சுண்ணாம்படிச்ச செவரு."

"இல்லங்கண்ணே."

"அப்ப... சாம்பல் அப்புன சட்டி."

"ரெண்டு சான்ஸும் போச்சு. இது ஒங்க வேன்."

கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். விரல்கள் கீறலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகப் போயின.

"இது எப்ப?"

"எனக்கு எப்புடித் தெரியும்? எந்தச் செவத்துல இடிச்சீங்கன்னு ஒங்களுக்கே தெரியல. செவருங்கிறதால பரவால்ல."

"ஒன்னு தப்பாச் சொன்னா ஆச்சா? இத்தன நாளா ஜெயிச்சேனே?"

"நாங்க ஜெயிக்க விட்டோம். பூட்டு, சீப்பு, வெளக்குமாறு எல்லாமே ஒங்களுக்காகப் போட்டது. ஒண்ணாப்புப் புள்ள கூடச் சொல்லிரும்."

அவர் முகம் கறுத்தது. "பாவம் பாத்து விட்டுக்குடுத்தீங்களா? எனக்குப் பிச்ச போட்டீங்களாடா?"

"நீங்க இல்லாம நல்லா இல்ல. அதான் போட்டோம். கண்ணப் பாக்குறீங்கன்னு தெரிஞ்சிருந்தா போட்டிருக்கமாட்டோம்."

"ஒன்ன யாருடா வரச்சொன்னா? போடா."

நான் போகவில்லை. அவர் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் பின்பக்கக் கதவைத் திறந்து கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் புள்ளைகள ஏத்தணுமே" என்றார் கடைசியில், என்னிடம் சொல்வதுபோல இல்லை. பிறகு போனைக் கையில் வைத்து, எண்களைத் தேடாமல், மைக்கை அழுத்தி, "முனியசாமி ஆக்டிங் டிரைவர்" என்றார். அந்தப் பக்கம் எடுத்ததும் குரலைச் சரிசெய்துகொண்டார். "எலே முனியசாமி, நாலு மணிக்கு வந்து என் வண்டிய எடு. நாளைக்கும் சேத்து. ஏன்னு கேக்காத. ஓனர்ட்ட நானே பேசிக்கிறேன்."

நான் அப்படியே தூங்கிவிட்டேன். விழித்தபோது வேன் ஓடிக்கொண்டிருந்தது. என்னைச் சுற்றிப் பிள்ளைகள். ஒரு சிறுமி என் மடியில் தன் பையை வைத்திருந்தாள். முன்னால் முனியசாமி ஓட்ட, பக்கத்து சீட்டில் ஆத்மநாதன் உட்கார்ந்து அவரை வறுத்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா போடா. அந்த வளைவுல ஆடு நிக்கும்."

"எனக்குக் கண்ணு தெரியுதுண்ணே."

"தெரிஞ்சா நல்லாப் பாத்து ஓட்டு."

கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு அவர் பின்னால் திரும்பினார். நான் எந்த சீட்டில் இருக்கிறேன் என்று தேடுவது தெரிந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன்.

"வீட்டுல எம் பொண்டாட்டி காத்தாயிகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா பிச்சுப் போட்டுருவா."

"சொல்றேன்."

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு அவள மட்டும் கூட்டிட்டுப் போனா, அங்க உக்காந்து அழுவா. நீ வாரியா?"

"ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வாரேன்."

"அப்ப எப்படா தூங்குவ?"

"அங்க பெஞ்ச் இருக்கும்ல?"