குதிக்கிற பொத்தான்

சின்னாளபட்டியில் பள்ளிக்கூடம் விட்டு, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நாகல்நகர் வீட்டுக்குள் நுழையும்போது டெய்சி டீச்சருக்குக் கால் இரண்டும் விட்டுப்போயிருக்கும். உட்கார நேரமிராது. கட்டிலில் அவள் கணவன் இனிகோ கிடந்தான்.

பழனி ரூட்டில் பஸ் ஓட்டியவன். பங்குனி வெயிலில் ஒருநாள் ஸ்டியரிங்கில் இருந்த வலது கை தானாக நழுவியது. எப்படியோ இடது கையால் வண்டியை ஓரங்கட்டிவிட்டான். பயணிகளுக்கு ஒரு கீறல் இல்லை. அவனுக்குத்தான் பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போயின. கேட்பதெல்லாம் புரிந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பாஸிலா ஒரு ரப்பர் பந்தைத் தந்து, அமுக்கிக்கொண்டே இருந்தால் விரலுக்கு அசைவு திரும்பும் என்றாள். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டிருக்கும். முதலில் டெய்சி தினமும் அதை எடுத்துக் கொடுத்தாள். பிறகு எடுக்கவில்லை. பதில் வராத இடத்தில் எவ்வளவுதான் பேசுவது என்று பேச்சையும் குறைத்துக்கொண்டாள். வீட்டில் டிவி மட்டும் பேசியது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்த இனிகோவின் தம்பி ரொனால்டு ஒருநாள் ஒரு பழைய கேம் மிஷினைக் கொண்டுவந்தான். உள்ளங்கை அகலம், பச்சை பாய்ந்த சின்னத் திரை. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போனது. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அவனே விளையாடிக்கொண்டிருந்தானாம்.

"நான் பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடியே வந்த கேம் மதினி. போன்ல எத்தனையோ இருக்கு, பாதி நேரம் விளம்பரம்தான். இதுல யாரும் வெரட்ட மாட்டாங்க. யோசிச்சு யோசிச்சு ஆடலாம்."

இனிகோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மிஷின் பிரிட்ஜ் மேல் கிடந்தது.

ஒரு சாயங்காலம், குக்கர் விசிலுக்குக் காத்திருந்தபோது, டெய்சி அதை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். திரையில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு மனுசன். அறைக்குள் பெட்டிகள், ஏணிகள், பள்ளங்கள். பெட்டியைத் தள்ளி, ஏணி ஏறி, பள்ளம் தாண்டி, சாவியை எடுத்துக் கதவைத் திறக்க வேண்டும். பெட்டியைத் தப்பான மூலைக்குத் தள்ளிவிட்டால் அவ்வளவுதான், வெளியே எடுக்க முடியாது. ஆனால் ஒரு பொத்தானை அமுக்கினால் அறை முன்பு இருந்தபடியே வந்து நிற்கும். கெட்டுப்போனதை முதலிலிருந்து தொடங்க விடுகிற இடம் அவளுக்கு அப்போது வேறெங்கும் இல்லை. மறுநாளும் எடுத்தாள். அதற்கு மறுநாளும்.

ஓர் அறையில் மாட்டிக்கொண்டு தவித்தாள். எப்படித் தள்ளினாலும் ஏணி எட்டவில்லை.

"கீழ," என்றது ஒரு குரல்.

டிவியிலிருந்து வந்தது என்றுதான் நினைத்தாள். திரும்பினால் இனிகோ தலையணையிலிருந்து பாதி எழுந்து அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ... பொட்டி."

பெட்டியைக் கீழே தள்ளினாள். ஏணிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. கதவு திறந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் வந்த பேச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவனே கை நீட்டி வாங்கினான். நடக்க வைப்பது இடது கைப் பொத்தான்; அது சுலபமாக வந்தது. குதிக்கிற பொத்தான் வலப்பக்கம். அங்கே அவன் கட்டைவிரல் செத்ததுபோல் கிடந்தது. பள்ளத்தின் விளிம்புவரை போய் அந்த மனுசன் அப்படியே நின்றான். இனிகோ மிஷினை மெத்தையில் அடித்தான்.

டெய்சி அதை எடுத்து அவன் மடியில் வைத்தாள். வலப்பக்கம் நெருங்கி உட்கார்ந்து பொத்தான்மேல் விரலை வைத்தாள்.

"நீங்க நடத்துங்க. நான் குதிக்கிறேன்."

அவன் "ம்" என்பான், அவள் அமுக்குவாள். வேலை முடிந்த சாயங்காலமெல்லாம் இப்படியே போயிற்று. ஒருநாள் அசதியில் அவள் கண் சொக்கிவிட்டது. மனுசன் பள்ளத்தில் விழுந்தான்.

"லேட்டு," என்றான் இனிகோ. தெளிவாக, எரிச்சலாக.

"காலையிலருந்து நின்னுக்கிட்டே இருக்கேன். லேட்டாத்தான் வரும்," என்று அவளும் கடுப்படித்தாள்.

அவன் படுக்கையில் விழுந்த பிறகு அவர்கள் போட்ட முதல் சண்டை அது. அது உறைத்ததும் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் செத்த நேரம் அழுதாள்.

பாஸிலாவிடம் சொன்னபோது, அவன் விரலைப் பொத்தான்மேல் வைத்து, அதன்மேல் நீங்கள் அமுக்குங்கள் என்றாள். அப்படியே செய்தார்கள். மழைக்காலம் வந்து போயிற்று. சில நாள் அவள் விரலுக்கு அடியில் ஏதோ அசைந்த மாதிரி இருக்கும்; சில நாள் ஒன்றும் இராது.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பின், வழக்கம்போல் அவள் விரலை வைக்கப் போனாள். இனிகோ முழங்கையால் அவள் கையை ஒதுக்கினான். அவன் கட்டைவிரல் நடுங்கியது, வழுக்கியது, பொத்தானைத் தேடிப் பிடித்தது. மனுசன் குதித்தான். எட்டவில்லை. மறுபடியும் விழுந்தான். எத்தனையோ தடவைக்குப் பிறகு அந்தக் கரையில் போய் நின்றான்.

டெய்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கிற தன் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவன் இனி பஸ் ஓட்டப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த வண்டிக்கு வேறு டிரைவர் வந்து வெகுநாளாயிற்று. விடிந்தால் பள்ளிக்கூடம். திருத்த வேண்டிய விடைத்தாள்கள் கட்டாகக் கிடந்தன.

"நீ... படு," என்றான் அவன், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

கட்டிலின் கால்மாட்டில் குறுக்கே சாய்ந்தாள். பொத்தான் விட்டு விட்டு டக்கென்றது. கேட்டபடியே கண் அயர்ந்தாள். சாயங்காலம்வரை அவளை யாரும் எழுப்பவில்லை.