தண்ணி குடிக்கிறீங்களா?

அடுத்தவரை ஆடாமல் அசையாமல் நிற்க வைத்தே பதினெட்டு வருஷம் சம்பளம் வாங்கியவள் அவள். ஆஸ்பத்திரியில் மார்பக எக்ஸ்ரே படம் எடுக்கும் அறையில் அவள் அதட்டலுக்கு அடங்காத ஆளே கிடையாது. அப்பேர்ப்பட்டவள், தன் முறை என்று வந்தால் மட்டும் வருஷா வருஷம் சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டாள். போன வாரம் வர வேண்டியவர் ஒருவர் வரவில்லை. காலியாகக் கிடந்த கால் மணி நேரத்தில், கூட வேலை பார்க்கும் சின்னவளின் நச்சரிப்புத் தாங்காமல் போய் நின்றாள். படத்தில் இடது பக்கம், உப்பைத் தூவியதுபோல் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள். கைக்குத் தட்டுப்படவே இல்லை.

இன்று அதே அறை, அதே இயந்திரம். நாற்காலியில் அவள், இரண்டு தகடுகளுக்கு நடுவே அவள் மார்பு. படத்தைப் பார்த்து இடத்தைக் கணக்கிட்டு, மரத்துப்போக மருந்து போட்டு, தடித்த ஊசியால் டாக்டர் சதைத் துணுக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. ஊசி எங்கே போகிறதென்று திரையில் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கழுத்தைத் திருப்பினாள். கொஞ்சம்தான். கூடவே தோளும் போனது அவளுக்கே தெரியவில்லை.

எடுத்த துணுக்குகளைச் சின்னவள் தனியாகப் படம் எடுக்கக் கொண்டுபோனாள். அதில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இடம் சரி; இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் வீண். வாய் ஓயாத அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தாள்.

“அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?”

படத்தில் கோளாறு என்றால், வந்தவர் மிரளாமல் இருக்க இப்படிக் கேட்டுவிட்டு, டாக்டரைக் கண்ணால் வெளியே கூப்பிடுவார்கள். அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்த மகராசியே அவள்தான்.

“என்கிட்டயேவாடி? புள்ளி வரல, அதானே?”

தான் திரும்பியதை ஒப்புக்கொண்டாள். டாக்டர் திட்டவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. மறுபடி படம், மறுபடி கணக்கு. சின்னவள் அவள் தாடையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பி, இனி அசைந்தால் தெரியும் சேதி என்று அவள் அதட்டலையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தாள். அவள் சுவரில் இருந்த சுவிட்சுகளை எண்ணியபடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை புள்ளிகள் வந்தன. சின்னவளுக்குப் பேச்சும் வந்தது.

புள்ளி வந்தால் இடம் சரியென்றுதான் அர்த்தம். அது புற்றுநோயா இல்லையா என்று சோதனைதான் சொல்ல வேண்டும். அது தெரிந்து தொலைத்ததுதான் வினை. முடிவு வரும்வரை ஐந்து நாளும் வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக விடவில்லை. அலமாரியை மூன்று தடவை கலைத்து அடுக்கினாள். என்ன தேடுகிறாய் என்று கேட்ட பாவத்துக்குக் கணவன்மேல் எரிந்து விழுந்தாள்.

ஆறாம் நாள் காலை வேலைக்கு வந்தபோது அவள் மேசைமேல் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் சின்னவள், கண் சிவந்து நின்றாள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஆரம்பம்தான்க்கா. பால் குழாயத் தாண்டி வெளிய பரவல. சீக்கிரம் எடுத்துட்டா சரியாயிடும்னு டாக்டர் சொல்றார்.”

எத்தனையோ பேருக்கு அவள் நீட்டிய தம்ளர் அது. ஒருவரும் குடித்ததில்லை, சாயங்காலம் அவள்தான் கொட்டிக் கழுவுவாள். இப்போது எடுத்து மடமடவென்று குடித்தாள். பாதி மடியில் சிந்தியது.

“இன்னொரு தம்ளர் கொண்டா,” என்றாள்.