எண்பத்து நான்காம் பக்கம்

அந்தப் பள்ளிக்கூடத்தின் நூலக ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் சீட்டு டீச்சர். அவளிடம் போய் ஒரு கேள்வி கேட்டால் விடை வராது, சீட்டுதான் வரும். உள்ளங்கை அகலத் தாள். மேலே பிள்ளையின் கேள்வி, பிள்ளை கேட்ட அதே வார்த்தைகளில். கீழே மூன்று புத்தகங்களின் பெயரும் பக்க எண்ணும். "போய்த் தேடிப் பாரு. கிடைச்சதும் எனக்கும் வந்து சொல்லு" என்று அனுப்பிவிடுவாள்.

கார்பன் வைத்துத்தான் எழுதுவாள். மேல்தாள் பிள்ளைக்கு, நகல் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்கு. பதினான்கு வருடங்களில் ஒன்பது பெட்டிகள் நிறைந்திருந்தன. சில கேள்விகளுக்கு எந்த அலமாரியிலும் விடை இருக்காது. செத்துப்போன நாய்க்கு நம்மை ஞாபகம் இருக்குமா என்று ஒருத்தன் கேட்டான். அப்பாவும் அம்மாவும் பேசாமல் இருந்தால் யார் முதலில் பேச வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். அந்த மாதிரிச் சீட்டுகளில் ஒரே வரிதான் இருக்கும்: "இதுக்குப் புத்தகம் இல்லை. நூலகத்துக்கு வா, பேசுவோம்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் நிர்வாகத்தின் சுற்றறிக்கை வந்து விழுந்தது. பிள்ளைகள் தேடவும் படிக்கவும் இனி வகுப்புக்கு வகுப்பு டேப்லெட். அதில் போட மூன்று கம்பெனிகளின் கருவிகள் வந்திருக்கின்றன, பள்ளியே பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தேறும் கருவி கிடைத்தால் நூலக வகுப்பு ரத்து, நூலக அறை வேறு வேலைக்கு. ஒன்றும் தேறாவிட்டால் எல்லாம் பழையபடியே நடக்கும். தேர்வு செய்ய மூன்று பேர்: தலைமை ஆசிரியை, கம்ப்யூட்டர் சார், சீட்டு டீச்சர். வெட்டப்போகும் ஆட்டையே கத்தியைப் பார்த்து வாங்கி வரச் சொன்ன மாதிரிதான்.

கம்ப்யூட்டர் சார் நல்ல மனிதர், ஆனால் எதையும் அட்டவணையாகத்தான் பார்ப்பார். பேட்டரி எத்தனை மணி நேரம், திரை எத்தனை அங்குலம், கீழே விழுந்தால் உடையுமா என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு வந்தார். சீட்டு டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கீழ விழுந்தா உடையுமான்னு பாக்குறீங்க. பிள்ளைகிட்ட பொய் சொல்லுமான்னு யாரு பாக்குறது?"

"அதை எப்படிப் பாக்குறது டீச்சர்?"

"நான் பாக்குறேன்."

அவள் சொன்ன முறை எளிமையானது. பிள்ளைகள் நிஜமாகவே கேட்ட முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கருவி விடை மட்டும் சொன்னால் போதாது. எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், அந்த இடத்தில் போய்ப் பார்த்தால் அது இருக்கவும் வேண்டும். இருந்தால் ஒரு மதிப்பெண், இல்லாவிட்டால் முட்டை. முப்பதுக்கு இருபத்தைந்து வாங்கினால் தேறியது. தலைமை ஆசிரியை யோசித்துவிட்டுச் சரி என்றார். டீச்சர் தன் பெட்டிகளிலிருந்து முப்பது கேள்விகளைப் பொறுக்கி, தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்து ஒட்டி, பீரோவில் பூட்டினாள். சாவி இடுப்பில்.

மறுவாரம் கம்ப்யூட்டர் சார் வந்து, "ரெண்டு கேள்வி மட்டும் காட்டுங்க டீச்சர், மைக் சரியா இருக்கான்னு பாக்கத்தான்" என்றார். டீச்சர் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "பரீட்சைன்னா பரீட்சைதான் சார். கேள்வித்தாளை முன்னாடியே காட்டுற பழக்கம் எனக்குக் கிடையாது." அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. டீச்சருக்கு அன்று முழுவதும் நடை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

அடுத்து வந்தவர் மூன்றாவது கம்பெனியின் ஆள். வெயிலிலும் டை கட்டியிருந்ததால் டீச்சர் அவருக்கு மனதுக்குள் டைக்காரர் என்று பெயர் வைத்தாள். மற்ற இரண்டு கம்பெனிக்காரர்களும் தலைமை ஆசிரியை அறையோடு திரும்பிவிட்டார்கள். இவர் நேராக நூலகத்துக்கு வந்தார். அலமாரிகளைப் பார்த்தார், பிறகு மேலே அடுக்கியிருந்த செருப்புப் பெட்டிகளைப் பார்த்தார்.

"அது என்ன மேடம்?"

அந்தக் கேள்வியைப் பதினான்கு வருடங்களில் பெரியவர் யாரும் கேட்டதில்லை. எப்போதோ ஆய்வுக்கு வந்த அதிகாரிகூட, "பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாமே" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் ஸ்டூல் போட்டு ஏறி ஒரு பெட்டியை இறக்கினாள். டைக்காரர் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்தார். நடுவில் ஒருமுறை சிரித்தார், ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமா நடிப்பா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"மேடம், இது புதையல். பிள்ளைங்க எப்படிக் கேக்குறாங்கன்னு எங்க ஆபீஸ்ல யாருக்குமே தெரியாது. ரெண்டு நாள் குடுங்க, பாத்துட்டுப் பத்திரமா கொண்டுவந்து குடுத்துடுறேன்."

உறை பீரோவில்தான் இருக்கிறது, அரக்கு உடையவில்லை. இவர் கேட்பது பெட்டியைத்தானே? ஒன்பது பெட்டிகளையும் அவளே கயிறு கட்டிக் கொடுத்தாள். சொன்னபடி மூன்றாம் நாள் காலை அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. ஒரு சீட்டுகூடக் குறையவில்லை. அவருடைய நாணயத்தை டீச்சர் கணவரிடம் மெச்சிக்கொண்டாள்.

தேர்வு நாள் வந்தது. எல்லோர் முன்னாலும் டீச்சர் அரக்கை உடைத்தாள். முதல் கருவி கெட்டிக்காரத்தனமாகப் பேசியது, ஆனால் எங்கிருந்து என்று கேட்டால் மழுப்பியது. பதினேழு. இரண்டாவது இல்லாத புத்தகங்களின் பெயரைக் கூசாமல் சொன்னது. பதினான்கு. டீச்சர் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் அலமாரியில் பார்த்துவிட்டு வந்து மதிப்பெண் போட்டாள். அவளுடைய மனதில் நூலகம் முக்கால்வாசி பிழைத்துவிட்டது.

மூன்றாவது கருவி சரசரவென்று போனது. விடை, புத்தகம், பக்கம். அலமாரிக்குப் போய்ப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் அது இருந்தது. பத்துக்குப் பத்து, பதினைந்துக்குப் பதினைந்து. கம்ப்யூட்டர் சார் கைதட்டினார். டீச்சருக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நன்றாக ஒரு இயந்திரம் சொல்லுமானால், நாம் மறித்துக்கொண்டு நிற்பது பாவம்தான் என்றுகூட நினைத்தாள். அப்படி நினைக்கக்கூடியவள் அவள், அதுதான் அவளுடைய கெட்ட நேரம்.

இருபத்திரண்டாவது கேள்வி: மீன் தூங்கும்போது கண்ணை மூடுமா? கருவி விடை சொல்லிவிட்டு, நீல அட்டை போட்ட அந்த மீன் புத்தகத்தின் பெயரைச் சொல்லி, பக்கம் எண்பத்து நான்கு என்றது.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. எழ வேண்டிய அவசியம் இல்லை. எண்பத்து நான்காம் பக்கத்தில் திமிங்கலம்தான் இருக்கும். ஆறு வருடங்களுக்கு முன்னால் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பையன் அந்தச் சீட்டோடு திரும்பி ஓடிவந்து, "டீச்சர், நீங்க தப்பா போட்டுட்டீங்க" என்று ஊரைக் கூட்டினான். நாற்பத்தெட்டு என்று எழுத வேண்டியதை அவள்தான் மாற்றி எழுதியிருந்தாள். அவன் கையிலிருந்த தாளில் அடித்துத் திருத்திக் கொடுத்தாள். பெட்டிக்குள் போய்விட்ட நகலைத் திருத்தவில்லை. உலகத்தில் அந்தத் தப்பு இருந்த ஒரே இடம் அந்த நகல்தான்.

எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால், பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். எதிரே கம்ப்யூட்டர் சார் உட்கார்ந்திருந்தார். போன வாரம் இரண்டே இரண்டு கேள்விகளைப் பார்க்கக் கேட்டு அவமானப்பட்ட மனிதர். அவர் முகத்தைப் பார்த்ததும் டீச்சர் மதிப்பெண் தாளின் மேல் குனிந்துகொண்டாள். நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இருபத்திரண்டாவதுக்கு மட்டும் முட்டை போட்டாள். முப்பதுக்கு இருபத்தொன்பது. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஒரு முட்டைக்குக் காரணத்தை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் வெங்காயம் உரித்தபடியே கணவரிடம் சொன்னாள். அவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், சீட்டைப் பார்க்காமல் ஒரு மாத்திரைகூட எடுத்துக் கொடுக்காதவர். கடைசிவரை கேட்டுவிட்டு, "உலக்கை போற இடத்தை விட்டுட்டு ஊசி போற இடத்தைப் பாத்திருக்க" என்றார்.

"உறையைப் பூட்டித்தானே வச்சேன்."

"உறையைப் பூட்டின. கேள்வியும் பதிலும் இருந்த பெட்டியைக் கயிறு கட்டிக் குடுத்துட்ட. எவனாவது பொய் சொல்லி வாங்கிட்டுப் போனானா? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பதினான்கு வருடங்களாக ஏங்கியிருக்கிறோம் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் வந்த தண்ணீரை வெங்காயத்தின் தலையில் போட்டாள்.

மறுநாள் முதல் மணிக்கு முன்பே தலைமை ஆசிரியை அறைக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க குடுத்ததை அது படிச்சிருக்கு. படிச்சது தப்பா டீச்சர்?"

"அதை மட்டும்தான் மேடம் படிச்சிருக்கு. புதுசா ஒண்ணு கேட்டுப் பாருங்க."

மேசைமேல் மாதிரிக்குக் கொடுத்த டேப்லெட் இருந்தது. தலைமை ஆசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிலந்தி தன் வலையிலேயே ஏன் ஒட்டிக்கொள்வதில்லை என்று கேட்டார். கருவி ஒரு பத்தி சொன்னது, ஒரு புத்தகத்தின் பெயரும் பக்கமும் சொன்னது.

"நல்லாத்தானே இருக்கு?"

"அப்படி ஒரு புத்தகமே இல்ல மேடம்."

"இல்லைன்னு எந்தப் பிள்ளை போய்ப் பாக்கப் போகுது?"

பதினான்கு வருடங்கள் பிள்ளைகளைப் போய்ப் பார்க்க வைத்ததற்கு இதுதான் மிச்சம். "இன்னொரு தேர்வு வைக்கலாம் மேடம், வேற முப்பது கேள்வி" என்று மெல்லக் கேட்டாள்.

"தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிறீங்க. இருபத்தொன்பதுன்னு போட்டது நான் இல்ல. உங்க கையெழுத்தும் இருக்கு, நேத்தே நிர்வாகத்துக்கு அனுப்பியாச்சு." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இப்ப இதைச் சொன்னா உங்க பேருதான் கெடும். சந்தோஷப்படுங்க டீச்சர், உங்க மூளைதானே எல்லா வகுப்புக்கும் போகுது."

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது நூலகத்தில் அலமாரிகளைச் சுவரோடு ஒதுக்கித் துணி போட்டு மூடியிருந்தார்கள். நடுவில் இரும்புத் தாங்கிகள், வரிசை வரிசையாகச் சார்ஜர் கம்பிகள். கதவுக்குப் புதுப் பூட்டு, சாவி கம்ப்யூட்டர் சாரிடம். சீட்டு டீச்சருக்கு அலுவலகத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். மாற்றுச் சான்றிதழ் எழுதுவாள், ஆசிரியர் யாராவது வராத நாளில் அந்த வகுப்புக்குப் போய் உட்காருவாள்.

மூன்றாவது வாரம், மதிய இடைவேளை முடியும் நேரம். நூலக வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் டேப்லெட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டு டீச்சர் அருகில் போனாள். எல்லாம் புதிதாகச் சேர்ந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள். அவளை இன்னார் என்று தெரியாது. முன்னால் நின்ற சிறுமி பூட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க என்னம்மா பண்றீங்க?"

"வரச் சொல்லியிருக்கு மிஸ்."

"யாரு?"

சிறுமி டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். மேலே அவள் தட்டிய கேள்வி: என் தங்கச்சி ஏன் இன்னும் பேசல. கீழே விடை: இதுக்குப் புத்தகம் இல்லை. நூலகத்துக்கு வா, பேசுவோம்.

பக்கத்தில் நின்றவனும் தன்னுடையதைக் காட்டினான். அதற்கும் அடுத்தவனும். கேள்விகள் வேறு வேறு, வரி ஒன்றே. எந்தப் புத்தகத்திலும் விடை இல்லாத இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் இயந்திரம் அவளுடைய வரியைச் சொல்லிப் பிள்ளைகளை இங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. டீச்சர் கைக்குட்டையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"தங்கச்சிக்கு என்ன வயசும்மா?"

"மூணு முடிஞ்சிருச்சு மிஸ். அம்மா தினமும் அழுவாங்க. அது..."

மணி அடித்தது. கம்ப்யூட்டர் சார் சாவிக்கொத்தோடு வேகமாக வந்தார். "சார்ஜ் போடுற நேரம். டேப்லெட்டைக் குடுத்துட்டு கிளாஸுக்கு ஓடுங்க, ஓடுங்க." ஒவ்வொருவர் கையிலிருந்தும் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனார். சிறுமி வாசலில் நின்று, திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தோழி இழுக்க ஓடிவிட்டாள். எந்த வகுப்பு என்றுகூட டீச்சர் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கும் ஏழாம் வகுப்பில் போய் உட்கார வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் சார் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பழைய கோபம் எதுவும் அவரிடம் இல்லை. அவர் நல்ல மனிதர்தான்.

"கம்பெனிக்குப் புகார் எழுதிட்டேன் டீச்சர். அந்த ஒரு வரியை அடுத்த வாரம் எடுத்துடுறாங்களாம். இனிமே பிள்ளைங்க வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."