அரக்கு வைத்த காசு

எங்கள் இன்ஸ்பெக்டர் சுப்பராயனுக்கு அரக்கு என்றால் உயிர். பறிமுதல் செய்த பொருள் எதுவானாலும் வெள்ளைத் துணியில் சுற்றி, தைத்து, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அந்த மூட்டைகள் இருக்கும் அறையின் சாவி ஏட்டான என்னிடம். அரக்கு நாற்றத்தோடே வீட்டுக்குப் போகிற கொடுப்பினையும் எனக்குத்தான்.

நம்பிராஜனைப் பிடித்த அன்றும் அதே கூத்து. ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் அவன். கிரிப்டோவில் போட்டால் இரட்டிப்பாகும் என்று அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண்களிடம் வசூலித்தான். திருப்பிக் கேட்டவர்களிடம் நாட்டுத் துப்பாக்கியைக் காட்டினான். அதற்கும் பயப்படாமல் புகார் கொடுத்தவள் ஷெர்லின். நகையை விற்று அவனிடம் கொடுத்திருந்தாள். அந்தக் காசு திரும்பக் கிடைத்தால் தண்டலம் காலேஜில் நர்சிங் சேர்ந்துவிடலாம், நாளெல்லாம் நின்று கால் வீங்கும் இந்த வேலையை விட்டுவிடலாம். அட்மிஷன் முடிய இன்னும் சில நாள்தான்.

துப்பாக்கி ஒரு மூட்டை, அவன் செல்போன் ஒரு மூட்டை. செல்போனை அவனையே திறக்கவைத்து, காசு முழுதாக இருப்பதைச் சாட்சிகளோடு பார்த்துவிட்டுத்தான் தைத்தார்கள்.

மறுநாளே மாவட்ட சைபர் பிரிவிலிருந்து போன். காசு செல்போனுக்குள் இல்லையாம். அந்தக் கணக்கின் ரகசியச் சொற்கள் தெரிந்த எவனும் வேறு செல்போனிலிருந்து எடுத்துவிடுவானாம். உடனே டிபார்ட்மென்ட் கணக்குக்கு மாற்றச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இன்னாம்மா அமலா, அரக்கு வெச்சத கோர்ட் ஆர்டர் இல்லாம எப்டி பிரிக்கிறது? நாளிக்கி வக்கீல் என்னத்தான் நோண்டுவான்."

"இன்னிக்கே ஆர்டர் கேப்போம் ஐயா."

"ஆயுத பூஜ வருது. லீவு முடியட்டும். மூட்ட எங்க ஓடிடப் போவுது?"

மூட்டை ஓடாதுதான். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

பூஜையன்று ஜீப், லத்தி, ஸ்டேஷன் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்த இரண்டு மூட்டைகளுக்கும் மறக்காமல் பொட்டு வைத்தார் மனுஷன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்த ஷெர்லினுக்குப் பொரிகடலை கொடுத்து, மூட்டையையும் காட்டினார். "உன் காசு பத்திரமா கீதும்மா. எறும்புகூட பூர முடியாது." அவள் நம்பிச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லீவு முடிந்து, உத்தரவு வந்து, சைபர் ஆட்கள் முன்னால் மூட்டையைப் பிரித்தோம். முத்திரை முழுசாக இருந்தது. கணக்கு காலி. ரகசியச் சொற்கள் தெரிந்த நம்பிராஜனின் மச்சான் ஒருவன் வெளியே இருந்திருக்கிறான்; நாங்கள் பொட்டு வைத்த அன்றே வழித்துக்கொண்டு போயிருந்தான். காசு போன இடம் வெளிநாடு, திரும்பி வருவது கஷ்டம் என்றார்கள்.

"என் அரக்குல ஒரு கீறல் கீதா பாரு. நம்ம மேல தப்பே கெடயாது," என்றார் சுப்பராயன். அவர் முகத்தில் நிம்மதி வேறு! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வாசலில் நின்ற ஷெர்லின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அழவில்லை.

"நம்பிராஜன்தான் ஜெயில்ல கீறானே மேடம். இப்ப நான் யார் மேல கம்ப்ளெய்ன்ட் குடுக்கறது?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"எங்க மேலதான். உக்காரு, நானே எழுதறேன்."