கேண்டீன் அக்காவின் படம்

மூன்றாவது பையனும் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனபோதுதான் கேண்டீன் அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. அவள் இந்தக் கல்லூரியில் சமைக்க வந்த நாளிலிருந்து தட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுகிற பிள்ளைகள் இவர்கள். பருப்பில் ஒரு கல் அகப்பட்டால் ஊரைக் கூட்டுவார்கள். இன்றைக்கு என்னடாவென்றால் "உடம்பைப் பாத்துக்கங்கக்கா" என்று ஆளாளுக்குத் தணிந்த குரலில் சொல்கிறார்கள். உடம்புக்கு என்ன கேடு, குத்துக்கல் மாதிரிதான் இருக்கிறாள்.

கூட்டிப் பெருக்குகிறவள்தான் கடைசியில் விஷயத்தை உடைத்தாள். "நூலகத்துல உன் படத்தை மாட்டியிருக்காங்க. நீ இன்னும் பாக்கலியா?"

ஈரக்கையோடு போய்ப் பார்த்தாள். ஓவியம் படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கொருவரைப் பிடித்து உட்காரவைத்துக் கதை கேட்டு, அவர்களைப் படமாக வரைந்து மாட்டியிருந்தார்கள். ஒரே இடத்தில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் தெரியாமல் இருக்கக் கூடாதாம். தோட்டக்காரர் இருந்தார், கணக்கு வாத்தியார் இருந்தார், வேற்று நாட்டிலிருந்து படிக்க வந்து வாயே திறக்காத பெண்ணும் இருந்தாள். நடுச்சுவரில் கேண்டீன் அக்கா. கண் இரண்டும் குளமாக நிறைந்திருக்க, கீழே அவள் சொன்னதாக ஒரு வரி: 'அவர் ஒருநாளும் நல்லாயிருக்குன்னு சொன்னதில்லை.'

பகீரென்றது. வீட்டுக்காரர் தன் சமையலை மெச்சியதில்லை என்று சொன்னது அவள்தான். ஆனால் சிரித்துக்கொண்டல்லவா சொன்னாள்! கண்ணில் தண்ணீர் வந்ததும் வாஸ்தவம்தான். ஒரு கூடை வெங்காயத்தை நறுக்கினால் யாருக்குத்தான் வராது? படம் வரைந்த சின்னப்பெண் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தாள், முடியவில்லை. பார்க்கப் பார்க்க, படத்திலிருப்பவள் நிஜமாகவே எதையோ நினைத்து அழுகிற மாதிரி இருந்தது. தனக்கே தெரியாததை அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாளா, இல்லாததை இழுத்துத் தலையில் கட்டிவிட்டாளா? 'நான் சந்தோஷமாத்தானே இருக்கேன்?' என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இன்னொரு தரமும் கேட்டுப் பார்த்தாள்.

அவள் கணவர் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அன்றைக்குச் சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிள்ளைங்க என்னைக் கொலைகாரனைப் பாக்கிற மாதிரி பாக்குதுங்க. அப்படி நான் என்ன பண்ணிட்டேன் உன்னை?"

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க."

"அப்புறம் ஏன் அழுத?"

"வெங்காயம்."

"வெங்காயம் சரி. கீழ எழுதியிருக்கே, அது?"

வழக்கமாகக் கேள்வியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிற மனுஷர், பதிலுக்காக உட்கார்ந்தே இருந்தார். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இவரை இப்படிச் சந்தியில் நிறுத்துவதற்கு இவர் என்ன அடித்தாரா, வைதாரா?

காலையில் படம் வரைந்த பெண் அரக்கப்பரக்க அடுப்படிக்கே வந்துவிட்டாள். கூட்டுகிறவள் சொல்லியிருப்பாள்.

"வெங்காயம்னு எனக்குத் தோணவே இல்லக்கா. உங்க படத்தைப் பாத்துட்டு எத்தனை பேர் மாறியிருக்காங்க தெரியுமா? ஆனா அது பொய்யின்னா இப்பவே கழட்டிடறேன். நீங்களே சொல்லுங்க, பொய்யா?"

அக்கா வாயெடுப்பதற்குள் கணவர் உள்ளே வந்தார். கடை திறக்கிற நேரத்தில் அவர் இந்தப் பக்கம் வந்ததே கிடையாது. தானே தட்டை எடுத்துச் சோற்றையும் பருப்பையும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். வாயில் இன்னும் ஒரு பருக்கைகூட வைக்கவில்லை.

"நல்லாயிருக்கு" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தார். அக்கா கரண்டியில் பருப்பை எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தாள். இருந்த குழப்பத்தில் உப்புப் போடவே மறந்திருந்தாள். அவர் முகம் சுளிக்காமல் கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"அக்கா, கழட்டிடட்டுமா?"

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சமையல் மேடைப் பக்கம் பார்த்தாள். வெங்காயம் அத்தனையும் தோலோடு கூடையில் அப்படியே இருந்தது.